விட்டால்தான் பூட்டும்

ஏப்ரல் 2, புதன்

ஆல்பம் அச்சடிக்கிற கம்பெனிக்காரன் வருஷா வருஷம் ஒரு டைரி அனுப்புவான். இதுவரை அதில் ஆவுடைதான் கோலம் போட்டுப் பழகுவாள். இந்த வருஷம் பாதிக் கோலத்திலேயே பிடுங்கிக்கொண்டேன். "உங்களுக்கு எதுக்கு டைரி? நீங்க என்ன தாசில்தாரா?" என்று கேட்டாள் என் வீட்டுக்காரி. ஏழாம் வகுப்போடு என்னை வீட்டுக்கு அனுப்பிய வாத்தியார், நான் எழுத உட்கார்ந்ததைப் பார்த்தால் நாற்காலியோடு சாய்ந்துவிடுவார்.

காரணம் புதுக் கேமரா. பழையதில் பட்டன் கொஞ்சம். ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலை. இதில் அப்படி இல்லை. எந்தப் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று மெனுவுக்குள் புகுந்து நாம்தான் சொல்ல வேண்டும். அதுவரை பட்டனெல்லாம் மாப்பிள்ளையோடு வந்த சேக்காளிகள் மாதிரி சும்மா நிற்கும். யாரிடம் என்ன வேலை சொன்னோம் என்பது மறுநாள் நமக்கே மறந்துபோகிறது. அதனால் எழுதி வைக்கப் போகிறேன்.

நம் தொழிலில் பெரிய நேரம் தாலி கட்டுகிற நேரம். கெட்டிமேளம் கேட்டதும் மண்டபமே அட்சதையை வீசும். கேமராவுக்குக் கண் உண்டு, புத்தி கிடையாது. குறுக்கே பறக்கிற அரிசியைப் பிடித்துக்கொண்டு பெண்ணின் கழுத்தை விட்டுவிடும். அப்புறம் ஆல்பத்தில் ஒரு மணி அரிசி பளிச்சென்று இருக்கும், பெண்ணும் மாப்பிள்ளையும் ஆவி மாதிரி இருப்பார்கள். அதனால் முதலிலேயே கழுத்தைப் பார்த்து ஃபோகஸ் பிடித்துப் பூட்டிவிட வேண்டும். அதற்குத்தான் பின்பக்கம் கட்டைவிரலுக்கு ஒரு பட்டன். அமுக்கினால் ஃபோகஸ் பிடிக்கும். விட்டால் அதே இடத்தில் பூட்டிக்கொள்ளும். அப்புறம் அரிசி மூட்டையே பறந்தாலும் கேமரா திரும்பிப் பார்க்காது.

இன்றைய ஏற்பாடு: ஃபோகஸுக்குப் பின்பக்கப் பட்டன். ஆள், என் கட்டைவிரல்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மேலத்தெருவில் ஒரு வளைகாப்பு. ஆவுடை லைட் பிடித்தாள். பெண்கள் கூட்டம் என்றால் எனக்குக் கொண்டாட்டம். "பூதண்ணாச்சி, எங்களை அழகா எடுங்க" என்றார்கள். "உள்ளதைத்தான் எடுக்க முடியும் தாயி, இல்லாததைக் கேமரா எங்கே போய் எடுக்கும்?" என்றேன். ஒருத்தி வளையலால் அடிக்க வந்தாள்.

என் முழுப்பெயர் சங்கிலிபூதத்தான், எங்கள் பக்கத்துக் காவல் சாமியின் பெயர். களக்காட்டில் அதைச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வெளியூர்க்காரர்கள்தான் ஸ்டூடியோ போர்டைப் பார்த்துத் தயங்குவார்கள். அதனால் "பூதம் ஸ்டூடியோ" என்பதற்குக் கீழே "மனிதர்களையும் எடுக்கிறோம்" என்று எழுதிவிட்டேன்.

நல்ல சாப்பாடு. படங்களை நாளைக்குப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 7, திங்கள்

வாழைமரம் எல்லாப் படத்திலும் அருமையாக வந்திருக்கிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

வாழைமரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் ஒன்றில்கூடத் தெளிவாக இல்லை. நான் அமுக்கினேன். கேமரா அமுக்கவில்லை என்கிறது. போனவுடன் முதலில் மரத்தைப் பார்த்து அமுக்கினேன், அங்கேயே பூட்டிக்கொண்டு கடைசிவரை கிடந்திருக்கிறது. புதுப் பட்டன் குட்டையாக இருக்கிறது, உள்ளே போகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பழைய கேமராவில் பட்டன் அப்பளம் மாதிரி நொறுக்கென்று இறங்கும்.

அந்த வீட்டுக்குப் போய், "குழந்தைக்கு வளையல் சத்தம் ஒரு தடவை கேட்டால் போதாது" என்று சொல்லி, கழற்றிய வளையலைத் திரும்ப அடுக்கவைத்து எடுத்தேன். சிரித்துவிட்டார்கள். பெண்ணின் மாமியார் மட்டும் சிரிக்கவில்லை.

இரண்டாம் தடவை பட்டனை நகத்தால் குத்திக் குத்தி அமுக்கினேன். வந்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

வேலை இல்லை. ஸ்டூடியோவில் இருப்புக் கொள்ளவில்லை. பெஞ்சில் உட்கார்வேன், எழுந்து மெனுவைத் திறப்பேன், மூடுவேன், நயினார் டீக்கடைக்குப் போவேன், வருவேன். இன்றைக்கு அஞ்சு டீ.

ஒரு நல்ல விஷயம். நயினார் புது டீ போட்டுக் கண்ணாடித் தம்ளரை நீட்டினான். பக்கத்தில் நின்ற கண்டக்டர் சூடு தாங்காமல் கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்தார். நான் வெறுங்கையில் வாங்கி நிதானமாகக் குடித்தேன்.

"அண்ணாச்சி, சுடலையா?"

"தொழில் பார்த்த கைடே இது. வருஷக்கணக்கா ஃபிளாஷ் சூட்டுல காஞ்ச கை. உன் டீ என்னத்தச் செய்யும்?"

நயினார் வாயைப் பிளந்தான். வீட்டுக்கு வந்ததும் ஆவுடை என் விரலைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். மூன்று விரலும் சிவந்திருந்ததாம். எண்ணெய் தடவினாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. ஆவுடை கேட்காமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பிரமு அக்கா வந்தாள். என் கூடப் பிறந்த ஒரே ஆள். மகள் வதனிக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது, மாப்பிள்ளை வள்ளியூர். வைகாசி இருபத்திரண்டு, அதாவது ஜூன் அஞ்சு. தாய்மாமன் மாலை நான் போட வேண்டும், படமும் நான்தான் எடுக்க வேண்டும்.

"மாமனுக்கு மாலை போடுத வேலை போதாதாக்கா? படத்துக்கு வேற யாரையாவது சொல்லேன். நானும் ஒரு நாளைக்கு மடிப்புக் கலையாத வேட்டி கட்டி உக்காந்து பாக்கேன்" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன்.

அக்கா முகம் மாறிவிட்டது. "ஏல, என் தாலிகட்டுப் படத்த நீ பாத்திருக்கியா?"

பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் வந்த போட்டோக்காரர் சரியான நேரத்தில் பிளாஷைத் தட்டினார். சரியான நேரத்தில் ஒரு மாமாவும் குறுக்கே வந்தார். படம் முழுக்க ஒரு முதுகு. வெள்ளைச் சட்டை, அதில் வியர்வை. அக்கா கழுத்தும் இல்லை, அத்தான் கையும் இல்லை. அத்தான் போய் ஆறு வருஷமாகிறது.

"ஊருல எந்தக் கல்யாணத்துலயும் உன் படத்துல தாலிக்கயிறு தெரியும்லா. என் பிள்ளைக்கு அது ஒண்ணு போதும்ல. மத்தது எது போனாலும் போகட்டும்" என்றாள்.

"கயிறு என்னக்கா, கயித்துல ஒட்டுன மஞ்சத்தூளே தெரியும்" என்று சொல்லி அனுப்பினேன்.

அனுப்பிவிட்டு மெனுவைத் திறந்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

காதுகுத்து. புது ஏற்பாடு செய்துகொண்டு போனேன். கட்டைவிரலுக்கு விடுமுறை, ஃபோகஸ் வேலையை ஷட்டர் பட்டனிடமே கொடுத்தேன். ஆள்காட்டி விரலால் ஷட்டரைப் பாதி அமுக்கினால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பாதியிலேயே நிறுத்திவைத்திருந்து, நேரம் வந்ததும் மீதிப் பாதியை அமுக்க வேண்டும். ஊரில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் எடுக்கிறார்கள்.

பாதி எங்கே முடிகிறது என்று இந்தக் கேமராக்காரன் ஒரு அடையாளமும் வைக்கவில்லை. நான் பாதி என்று நினைத்தால் அது முழுசு. ஆசாரி ஊசி எடுப்பதற்குள் டரடரவென்று சுட்டுத் தள்ளிவிட்டது. குழந்தை காது குத்தியதற்கு அழவில்லை, என் கேமரா சத்தத்துக்கு அழுதது. ஆசாரி, "ஓய், நான் குத்தவா, நீரு சுடவா, முதல்ல யாரு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அவர்களுக்குச் சமமாகச் சிரித்தேன்.

தேறியது கொஞ்சம். அதை வைத்து ஒப்பேற்றிவிடலாம்.

ஏப்ரல் 24, வியாழன்

காலையில் ஆவுடை கேட்டாள்: "ராத்திரி எதுக்குக் கையப் போட்டு அந்த உதறு உதறுதீய?"

"கனவுல ஈ ஓட்டினேன்."

"தெனமுமா ஈ வருது?"

"இனிப்பான ஆளுலா நான்."

மாத்திரை டப்பாவை எடுத்துச் சர்க்கரை மாத்திரையை நீட்டினாள். இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

கேமராதான் கோளாறு என்று அவளுக்கு நிரூபிக்க முடிவு செய்தேன். ஃபோகஸைத் திரும்பவும் பின்பக்கப் பட்டனுக்கு மாற்றி, கையில் கொடுத்து, "நீயே அமுக்கிப் பாரு. சுவத்துக் காலண்டரப் பிடி. உள்ள தெரியுத கட்டம் பச்சையாகுதா பாரு" என்றேன். பீப் என்றது. "ஆகுது" என்றாள். வாசல் மணி, பீப். பல்லி, பீப். பல்லி ஓட ஓடப் பின்னாலேயே போய் பீப்.

"பிடிச்சாப் பூட்டுமா?" என்று கேட்டாள்.

"இல்ல. பிடிக்கையில பாத்துக்கிட்டே இருக்கும். விட்டாத்தான் பூட்டும்."

"இது என்ன கூத்து? எங்க வீட்டுக் கதவெல்லாம் அப்பிடி இல்லையே!"

நான் வாங்கி அமுக்கினேன். சத்தம் இல்லை. இன்னும் அமுக்கினேன். ஒன்றும் இல்லை. நகத்தால் குத்தினேன், பீப்.

"பாத்தியா? பொம்பள சொன்னாத்தான் கேக்கு. கேமராவும் இந்த ஊருக்குப் பழகிட்டு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து பல்லியை விரட்டப் போனேன்.

ஏப்ரல் 30, புதன்

திருநெல்வேலிக்குப் போய் மெக்கானிக் ஜெபராஜிடம் காட்டினேன். பழைய பழக்கம், என்னைவிட வயது குறைவு, என்னைவிட வாய் அதிகம். கழற்றிப் பார்த்தார், மூடினார், இருபது தடவை அமுக்கினார்.

"அண்ணாச்சி, பட்டன் சுகமா இருக்கு. கேமராவும் சுகமா இருக்கு. உங்க கையக் கொஞ்சம் காட்டுங்க."

"ஜோசியமும் ஆரம்பிச்சுட்டீரா? ஆயுசு ரேகை கெட்டிதான்வே."

அவர் விடவில்லை. இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். வலது கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதை மேடு வற்றிப் பள்ளமாகிவிட்டதாம். இடது கையில் கொழுக்கட்டை மாதிரி இருக்கிறது, வலதில் இல்லை. கேமரா தூக்குகிற இன்னொருவருக்கும் இப்படிப் பார்த்தாராம். டாக்டரிடம் போகச் சொன்னார்.

வயதானால் கன்னத்தில் பள்ளம் விழும். எனக்குக் கன்னம் நன்றாக இருக்கிறது, அதனால் கையில் விழுந்திருக்கிறது. இதற்கெல்லாம் டாக்டரா? போனால் என்ன சொல்வார் என்று தெரியாதா? தூக்காதே என்பார். தூக்காமல் நான் என்ன, சும்மா பூதமாகவா உட்கார்ந்திருக்க முடியும்?

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

மே 3, சனி

பட்டன் வைத்த சட்டைகளை மூட்டை கட்டிப் பரணில் போட்டேன். வெயிலுக்கு டீ சர்ட்தான் சுகம். ஆவுடையிடம், "இனிமே நானும் இளவட்டம்" என்றேன். "தலைவழியா மாட்டுதது சுலபமா இருக்கோ?" என்றாள். நான் மூட்டையைப் பரணில் இன்னும் உள்ளே தள்ளினேன்.

மே 9, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்! கேமராவின் முன்பக்கம், லென்ஸுக்குப் பக்கத்தில் இரண்டு சின்னப் பட்டன் இருக்கிறது. இத்தனை நாளும் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அதற்கும் வேலை கொடுக்கலாம். கீழே இருப்பதற்கு ஃபோகஸைக் கொடுத்துச் சுண்டுவிரலால் அமுக்கினேன். பீப்! சொன்ன பேச்சைக் கேட்கிற ஒரே பிள்ளை சுண்டுவிரல்தான். சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலில் பாதியும் என் கட்சி. மற்றவர்கள் எல்லாம் எதிர்க்கட்சி.

ஆனால் சுண்டுவிரல் முன்னால் போனால் பிடி தளர்கிறது. கனம் முழுக்கக் கட்டைவிரலில் வந்து நிற்கிறது. பழகினால் சரியாகிவிடும்.

இன்றைய ஏற்பாடு: ஃபோகஸுக்கு முன்பக்கக் கீழ்ப் பட்டன். ஆள், சுண்டுவிரல்.

மே 14, புதன்

ஒரு நிச்சயதார்த்தத்தில் கேமரா நழுவியது. கழுத்து வார் பிடித்துக்கொண்டது, மார்பில் வந்து மோதியது. அவ்வளவுதான். ஆவுடை லைட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். மாப்பிள்ளை வீட்டார் பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்ல, கேமராவுக்கு என் நெஞ்சு மேல ஒரு இது" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை. ஆஸ்பத்திரிக்கு நாளைக்கே போக வேண்டுமாம். கல்யாணம் முடியட்டும் என்றேன். "கல்யாணத்துல விழுந்தா?" என்றாள். விழாது என்றேன். "எதை வச்சு சொல்லுதீய?" என்றாள். எதை வைத்தும் சொல்லவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு வெளியே போய் மூன்று தெரு சுற்றினேன். பசித்தது, வந்தேன். சோறு மூடி வைத்திருந்தாள். ஸ்பூன் போட்டிருந்தாள். எங்கள் வீட்டில் ஸ்பூன் பாயசத்துக்கு மட்டும்தான்.

மே 18, ஞாயிறு

ஆவுடை போனில் பேசியது காதில் விழுந்தது. நாங்குநேரி டென்னிசனிடம். டென்னிசன் என் போட்டிக்காரன், என் கல்யாணங்களில் பாதியை அவன்தான் கொண்டுபோகிறான், எதிரில் பார்த்தால் நல்ல பிள்ளை மாதிரி "அண்ணாச்சி" என்பான்.

"வதனி கல்யாணத்துல நீங்க ஒரு ஓரமா நின்னு எடுத்தாப் போதும் தம்பி. அவுகளுக்குத் தெரிய வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மே 19, திங்கள்

பேசவில்லை.

மே 20, செவ்வாய்

இன்றும் பேசவில்லை. அவளும் பேசவில்லை. பேச்சே தொழிலான வீட்டில் கடிகாரச் சத்தம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பேனாவும் சரியில்லை, எழுத்து கோட்டை விட்டு இறங்குகிறது.

மே 22, வியாழன்

நாங்குநேரிக்கே போய்விட்டேன். டென்னிசன் நாற்காலி போட்டான், குடிக்கக் கலர் வாங்கிவரச் சொன்னான்.

"தம்பி, கல்யாணத்துக்கு வா. சாப்பிடு. இலையில என்ன வேணும்னாலும் கேட்டு வாங்கு. கேமராவ மட்டும் கொண்டுவராத."

"அண்ணாச்சி, மதினி மனசுல பயந்துதான்..."

"மதினி பயம் எனக்குத் தெரியும். எங்க அக்கா என்னைய நம்பிச் சொன்னது. ஓரமா இன்னொருத்தன் நிக்கான்னு தெரிஞ்சா அது நெஞ்சுல என்ன நெனைக்கும்?"

அவன் என் கையில் இருந்த கலர் பாட்டிலைப் பார்த்தான். இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். "சரி அண்ணாச்சி. சாப்பாட்டுக்கு வாரேன்" என்றான்.

வீட்டுக்கு வந்து ஆவுடையிடம் சொன்னேன். "தொரத்திவிட்டாச்சா? சந்தோஷம்" என்றாள். மூன்று நாளுக்குப் பிறகு முதல் பேச்சு. இனி நான்தான், என் கைதான், வேறு ஆள் இல்லை.

மே 27, செவ்வாய்

ஒத்திகை. ஆவுடையைப் பலகையில் உட்காரவைத்தேன். ஒரு படி அரிசியில் மஞ்சள் கலந்தேன். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து அதற்கு முன்னால் அரிசியைக் கொட்டுவது பக்கத்து வீட்டு மங்களத்தின் வேலை.

"முப்பது வருஷம் கழிச்சுத் திரும்ப மணவறையா? மாப்பிள்ளை யாரு?" என்றாள் ஆவுடை.

"மாப்பிள்ளை படம் எடுக்கான். நீ தலையக் குனி."

"அப்பவும் இதத்தான் சொன்னீய."

அவள் கழுத்தில் கிடந்த தாலியைப் பார்த்து ஃபோகஸ் பிடித்தேன். சுண்டுவிரல், முன்பக்கப் பட்டன். கேமரா ஆடியது. கட்டைவிரலுக்கு மாற்றினேன், பிடிக்கவில்லை. நகத்தால் குத்தினேன், பிடித்தது, எடுப்பதற்குள் கேமரா சரிந்தது. ஷட்டருக்கு மாற்றினேன், அரிசியைப் பிடித்தது. மெனு, பட்டன், மெனு, பட்டன். மங்களம் அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

தேறியது ஒன்று. அதிலும் ஆவுடை கண்ணை மூடியிருந்தாள்.

நான் அந்தப் பலகையில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஆவுடை தரையில் கிடந்த அரிசியைக் கூட்டி அள்ளினாள், புடைத்தாள், கழுவி உலையில் போட்டாள். சாப்பாடு மஞ்சளாக இருந்தது.

"நல்லாருக்கு" என்றேன்.

"ம்" என்றாள்.

ஜூன் 4, புதன்

வள்ளியூர் மண்டபம். நாளைக் காலையில் முகூர்த்தம். ஃபோகஸைப் பின்பக்கப் பட்டனிலேயே வைத்திருக்கிறேன். கட்டைவிரல் பழைய ஆள். பழைய ஆள் கைவிட மாட்டான்.

ஜூன் 8, ஞாயிறு

இதை ஒரே நாளில் எழுத முடியவில்லை. வெள்ளிக்கிழமை கொஞ்சம், நேற்றுக் கொஞ்சம், மீதி இன்றைக்கு.

கல்யாணத்தன்று காலையில் ஆவுடை பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்தாள். தாய்மாமன் டீ சர்ட்டில் நிற்கக் கூடாதாம். கழுத்திலிருந்து கீழ்வரை அவளே பட்டன் போட்டுவிட்டாள். மண்டபத்து அறையில் ஆள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். "என்ன மதினி, அண்ணனுக்குச் சிங்காரமா?" என்றாள் ஒருத்தி. "இன்னிக்குப் பொண்ணு நான்தான்" என்று நான் சொல்லிவிட்டேன்.

மாலை போட்டேன். வதனி என் காலில் விழுந்து எழுந்து, "மாமா, கழுத்து தெரியணும் என்ன? அம்மா ஒரு மாசமாத் தூங்கல" என்று காதில் சொன்னாள். அக்கா மணவறைக்குப் பக்கத்தில் நின்றாள். தூணுக்குப் பக்கத்தில் டென்னிசன், வேட்டி சட்டையோடு, வெறுங்கையோடு. சொன்ன சொல் மாறாதவன். அந்த நேரத்தில் அவன் மாறியிருக்கக் கூடாதா என்று ஒரு நினைப்பு வந்தது.

கேமராவைத் தூக்கினேன். எதிரில் ஆவுடை லைட் பிடித்தாள். ஐயர் தாலித் தட்டைச் சபையில் சுற்றிவிட்டு வாங்கினார். மாப்பிள்ளை கையில் கயிறு வந்தது. நான் வதனி கழுத்தைக் கட்டத்துக்குள் வைத்தேன், அமுக்கினேன். கட்டம் வெள்ளையாகவே இருந்தது. அமுக்கினேன். வெள்ளை. நகத்தால் குத்தப் போனேன், விரல் வழுக்கிக்கொண்டு வேறெங்கோ போனது. என் விரல் எங்கே இருக்கிறது என்று கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்துப் பார்த்தால்தான் எனக்குத் தெரியும். எடுத்தால் நேரம் போய்விடும். ஐயர் மேளக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டார்.

"ஆவுடை!" என்று கத்தினேன்.

அந்தச் சத்தத்துக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும்கூடத் திரும்பினார்கள். ஆவுடை லைட்டை என்ன செய்வதென்று சுற்றிப் பார்த்தாள். டென்னிசன் பாய்ந்து வந்து வாங்கிக்கொண்டான். அவள் என் பின்னால் வந்து நின்றாள். கையைச் சுற்றிப் போட்டு என் கட்டைவிரலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அவள் கட்டைவிரலைப் பட்டனில் வைத்தாள். அவள் கன்னம் என் காதில் இடித்தது. வளையல் என் தாடையில் குத்தியது.

"அமுக்கு" என்றேன்.

கட்டம் பச்சை.

"விடு."

விட்டாள். பூட்டிக்கொண்டது.

கெட்டிமேளம், குலவை, அரிசி. என் மூக்கிலும் அரிசி, அவள் கொண்டையிலும் அரிசி. ஷட்டரை மட்டும் நான் பார்த்துக்கொண்டேன். அதற்கு நிதானம் வேண்டாம், இடித்தால் போதும். இடித்துக்கொண்டே இருந்தேன். மாப்பிள்ளை முதல் முடிச்சு, அப்புறம் நாத்தனார் குனிந்து அடுத்த முடிச்சு. ஆவுடை, "போதுமா? போதுமா?" என்று காதில் கேட்டுக்கொண்டே இருந்தாள். மூச்சுக்காற்று சூடாக இருந்தது.

மேளம் நின்றதும்தான் சிரிப்புச் சத்தம் கேட்டது. பாதிச் சபை மணவறையைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. "பூதண்ணாச்சிக்கும் இன்னிக்குத்தான் முகூர்த்தம் போல!" என்றது ஒரு குரல். நயினாராகத்தான் இருக்க வேண்டும். வழக்கமாக இதற்கெல்லாம் எனக்கு நாலு பதில் வரும். அன்றைக்கு ஆவுடைதான் சொன்னாள்: "ஆமா, இப்பத்தான் மனசு வந்துருக்கு. போய் பந்தியப் பாருங்க."

டென்னிசன் லைட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அண்ணாச்சி, படம்?" என்றான். எனக்குப் பார்க்கப் பயம். அவன்தான் திரையை ஓட்டினான். ஒன்றில் நிறுத்தி, பெரிதாக்கி அக்காவிடம் நீட்டினான்.

அரிசியெல்லாம் மஞ்சள் புகை மாதிரி. நடுவில் கழுத்து. மாப்பிள்ளையின் இரண்டு விரலுக்கு நடுவில் முடிச்சு இறுகுகிறது. கயிற்றின் முறுக்கு தெரிகிறது. வதனி கழுத்தில் ஒரு துளி வியர்வை, அதுவும் தெரிகிறது.

அக்கா திரையைத் தொட்டாள். அது நகர்ந்து வேறு படத்துக்குப் போய்விட்டது. "ஐயோ, போயிட்டே" என்று பதறினாள். டென்னிசன் திரும்பக் கொண்டுவந்தான்.

"ஏல பூதம்" என்றாள் அக்கா. "மஞ்சத்தூளு தெரியுதுல." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பந்திப் பக்கம் போய்விட்டாள்.

அன்றைய ஏற்பாடு: ஃபோகஸுக்குப் பின்பக்கப் பட்டன். ஆள், ஆவுடை.

ஜூன் 16, திங்கள்

அவர் சொல்கிறார், நான் எழுதுகிறேன். ஆவுடையம்மாள்.

கேமராவில் இருந்த கோளாறைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சரிபார்த்தாயிற்று என்று எழுதச் சொல்கிறார். கேமராவில் அல்ல, கையில். மணிக்கட்டுக்குள் நரம்பு போகிற வழி நெருங்கிப்போய் நரம்பை நெரித்திருக்கிறது. அதனால்தான் சுண்டுவிரலும் பக்கத்து விரலில் பாதியும் தவிர மற்றதெல்லாம் மரத்துப்போனது. டாக்டர் ஊசியால் குத்திக் குத்திக் கேட்டார். கட்டைவிரலில் குத்தியபோது இவர் டாக்டரின் சொந்த ஊரை விசாரித்துக்கொண்டிருந்தார். சுண்டுவிரலில் குத்தியதும் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்தாள். வெள்ளிக்கிழமை சின்னதாகக் கீறிவிட்டார்கள். கட்டுப் போட்டிருக்கிறது. இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். முழுக்கத் தேறுமா என்று கேட்டேன். பொறுத்துப் பார்க்கச் சொன்னார்.

பொறுக்கிற ஆளா இது? ஒற்றைக் கையால் மெனுவைத் திறந்து இடது கைக்கு ஒரு பட்டன் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறார். கேமராவைப் பிடுங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். வாசலில் யாரோ பாஸ்போர்ட் படத்துக்கு வந்தார்கள், நானே எடுத்தேன். "தலைய நிமுத்துங்க" என்று உள்ளே இருந்து இவர் கத்தினார்.

முந்தின பக்கமெல்லாம் படித்தேன். படிக்கக் கூடாது என்கிறார். படித்தாயிற்று. சூடான தம்ளரைப் பற்றி எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன்.

கனவில் ஈ வருகிறதா என்று கேட்டேன். இப்போது வருவதில்லையாம்.

ஜூன் 29, ஞாயிறு

நானே எழுதுகிறேன். கோணல்தான். கட்டுப் பிரித்தாயிற்று. தொட்டால் ஒன்றும் தெரியவில்லை இன்னும்.

ஜூலை 5, சனி

வதனியும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்தார்கள். ஆவுடைதான் படம் எடுத்தாள். மாப்பிள்ளை தலையைப் பாதி வெட்டிவிட்டாள். "மீதித் தலைய அடுத்த விருந்துக்கு எடுத்துக்கிடலாம்" என்றேன். கட்டைவிரல் அப்படியேதான் இருக்கிறது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள்காட்டி விரலோடு உரசிப் பார்க்கிறேன். யாரோ வேறு ஒருவரின் விரலைத் தொடுகிற மாதிரி.

ஜூலை 17, வியாழன்

நயினார் கடைக்குப் போனேன். டீ கொடுத்தான். தம்ளரைப் பிடித்தேன்.

சுட்டது.

கையை உதறிவிட்டேன். தம்ளர் கீழே விழுந்து சிதறியது. டீயெல்லாம் கண்டக்டர் செருப்பில். நயினார் அடுப்புக்குப் பின்னாலிருந்து கத்தினான், "என்ன அண்ணாச்சி, தொழில் பார்த்த கைன்னீங்களே!"

இன்னொரு டீ போடச் சொன்னேன். நல்ல சூடாக.